குறை தேடி அலைந்தவர்

நான் எழுதிய கட்டுரை வெளியான காலையிலேயே அவர் தொலைபேசியில் கூப்பிட்டார். காஞ்சிபுரத்துக்கு வெளியே, வயல்களுக்கு நடுவில் இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தின் விளையாட்டு மையத்தைப் பற்றிய கட்டுரை அது. மையத்தின் இயக்குநர் அவர். ஞாயிறு இணைப்பில் அரைப் பக்கம், கபடிப் பெண்களின் வண்ணப்படத்தோடு வந்திருந்தது. நன்றி சொல்லத்தான் அழைக்கிறார் என்று நினைத்தேன்.

"நிருபரம்மா, நீங்க நெஜமாவே வந்து பாத்தீங்களா, இல்ல போன்ல கேட்டு எழுதினீங்களா?"

"நீங்கதானே சார் சுத்திக் காட்டினீங்க?"

"அப்ப ஒரு கொறை கூடவா கண்ணுல படல? பேட்மிண்டன் கோர்ட்டுல ரெண்டு லைட்டு எரியல. அதுக்கு நேர் கீழ நின்னுக்கினுதான் நீங்க போட்டோ எடுத்தீங்க."

நிருபர் வேலையில் திட்டி எழுதியதற்காகப் பலர் என்னிடம் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். பாராட்டி எழுதியதற்காகச் சண்டைக்கு வந்தவர் இவர் ஒருவர்தான்.

மாணவர்கள் அவரைப் பி.டி. சார் என்பார்கள். ஒல்லியான, உயரமான மனிதர். கீழே விளையாட்டுக் கால்சட்டை, மேலே இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை. மைதானத்தில் இருக்கும்போதே நிர்வாகக் கட்டடத்திலிருந்து அழைப்பு வரும் என்பதால் இந்த ஏற்பாடு. அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பேசிக்கொண்டே கோல் கம்பத்தை ஆட்டிப் பார்ப்பார். வாலிபால் வலையின் கயிற்றை இழுப்பார். கபடி விரிப்புகள் சேரும் இடத்தைக் குதிகாலால் அழுத்தி, ஒரு விரல் நுழையும் இடைவெளி இருக்கிறதா என்று தேடுவார். நம்மிடம் பேசும்போது அவர் பார்வை நம் தோளுக்கு மேலாக எங்கோ போய்க்கொண்டிருக்கும். எதிரில் நிற்பவர்கள் அடிக்கடி திரும்பிப் பார்ப்பார்கள். நானும் திரும்பியிருக்கிறேன். அங்கே ஒன்றும் இருக்காது. அவருக்கு மட்டும் ஏதோ இருக்கும்.

"எல்லாம் நல்லா இருக்குது சார்" என்று யாராவது சொன்னால் அவர் முகம் வாடிவிடும். "நல்லா இருக்குதுன்னா யாரும் சரியா பாக்கலன்னு அர்த்தம்" என்பார். இதை அவர் தத்துவம்போலச் சொன்னதில்லை. பல் வலியைச் சொல்வதுபோலச் சொல்வார்.

பொறுப்புக்கு வந்த புதிதில் ஒரு புகார்ப்பெட்டி வைத்தார். அதில் சாக்லேட் தாள்களும், யாரோ யாருக்கோ எழுதிய ஒரு காதல் கடிதமும், கேண்டீன் பரோட்டாவைப் பற்றிய வசை ஒன்றும் சேர்ந்தன. பெட்டியைக் கழற்றிவிட்டார். அதற்குப் பதிலாக மாலையில் பல்கலைக்கழக வாசலில் இருக்கும் பேருந்து நிறுத்தத்துக்குப் போய் நிற்க ஆரம்பித்தார். உள்ளே வாய் திறக்காத பிள்ளைகள் பேருந்துக்குக் காத்திருக்கும்போது எல்லாவற்றையும் பேசுவார்கள் என்று கண்டுபிடித்திருந்தார். டீக்கடைக்காரரின் தார்ப்பாய்க்குப் பின்னால், கையில் ஒரு கண்ணாடிக் கிளாசோடு, நீச்சலுக்குத் தயங்குபவர்போல ஒரு காலை முன்னால் வைத்து நிற்பார்.

"நெட்டாடா அது? என் கையே உள்ள போய்ட்டு வருது" என்று ஒரு மாலை எவனோ சொன்னான். மறுநாள் காலைப் பயிற்சிக்கு வந்தபோது வலையின் ஓட்டை பின்னப்பட்டிருந்தது. இப்படி ஒன்றிரண்டு நடந்ததும் பிள்ளைகளுக்கு நிம்மதி போய்விட்டது. "எவன்டா போட்டுக் குடுக்கறவன்?" என்று ஒருவரையொருவர் சந்தேகப்பட்டார்கள். வாலிபால் அணித்தலைவன் தினேஷ் ஒருநாள் தார்ப்பாயை விலக்கிப் பார்த்துவிட்டான்.

"சார், நீங்களா?"

"டீ குடிக்கிறேம்பா. நீ ஏதோ சொல்லிக்கினு இருந்தியே, நீ சொல்லு."

அவரால் மையம் நன்றாக நடந்தது என்பதில் சந்தேகமில்லை. எந்த அணிக்கு எந்த நேரம் என்ற சண்டை அங்கே வராது. முதலுதவிப் பெட்டியில் காலாவதியான களிம்பு இருக்காது. மழைக்குப் பிறகு எந்த ஆடுகளம் முதலில் காயும், யாரை எங்கே மாற்றி விடுவது என்பதெல்லாம் முன்கூட்டியே முடிவாகியிருக்கும். ஆனால் அந்த ஒழுங்குக்கு நடுவில் போய் நின்றால் ஒரு பதற்றம் நம்மையும் தொற்றிக்கொள்ளும். சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில்தான் அவர் வீடு. ஒருமுறை போயிருந்தபோது அவர் மனைவி காபி கொடுத்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்: "சர்க்கரை கம்மியா இருந்தாலும் சொல்லிடாதீங்க. அப்புறம் ராத்திரி பூரா டிகாஷன் எறங்கறதப் பத்திதான் பேச்சு." அந்த வீட்டில் யாரும் எதையும் குறையாகச் சொல்வதில்லை. சொன்னால் சரிசெய்யக் கிளம்பிவிடுவார் என்ற பயம். தன் வீட்டிலேயே தனக்கு ஒன்றும் காதில் விழுவதில்லை என்பதை அவர் கவனித்தாரா என்று எனக்குத் தெரியாது.

மையத்திலும் அவர் காதில் விழாத ஒன்று இருந்தது.

அதைச் சொன்னது தண்ணீர்க் கேன். மைதானத்தில் பக்கத்துக்கொரு கேன் வைப்பார்கள். ஆண்கள் பக்கத்துக் கேன் பயிற்சி முடிவதற்குள் காலியாகிவிடும். பெண்கள் பக்கத்துக் கேன் வைத்தபடியே இருக்கும். வெயில் ஏறிய ஒரு வாரம் முழுக்க அதைப் பார்த்துவிட்டு, தண்ணீரில் ஏதோ வாடை வருகிறது என்று முடிவுகட்டி, கேனை மாற்றினார். பிறகு கடையை மாற்றினார். அப்போதும் அளவு குறையவில்லை. பெண்களைக் கேட்டார். அவர்கள் தரையைப் பார்த்தார்கள். கடைசியில் துப்புரவு வேலை பார்க்கும் லட்சுமி அக்காதான் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சொன்னார்.

"தண்ணி குடிச்சா எங்க போவாங்க சார்? நீ ஒண்ணு."

கேலரிக்குப் பின்னால் ஒரு கழிப்பறை உண்டு. காகிதத்தில் அது எல்லோருக்கும் பொது. நடைமுறையில் பையன்களுடையது. பெண்கள் வகுப்புக் கட்டடத்துக்கு நடந்து போக வேண்டும். அதைச் சாயங்காலம் பூட்டிவிடுவார்கள். அதனால் மதியத்திலிருந்தே அவர்கள் தண்ணீர் குடிப்பதில்லை. உடை மாற்றுவது பந்துகள் வைக்கும் அறையில், ஒருத்தி கதவைப் பிடித்துக்கொள்ள. கபடி அணித்தலைவி எஸ்தருக்குச் சிறுநீர்த் தொற்று வந்து, காய்ச்சலோடு அரசு மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். பி.டி. சாரிடம் "வைரல் ஃபீவர்" என்று சொல்லியிருந்தார்கள்.

அன்று மாலை என்னை அழைத்தார். "நீங்க எத்தினி தபா இங்க வந்திருக்கீங்க. நீங்க எங்க போவீங்க?"

"வீட்டுக்கு வந்துதான் சார்."

"ஏன் சொல்லல?"

நான் யோசித்தேன். சொல்ல வேண்டிய விஷயமாகவே எனக்குப் பட்டதில்லை. எல்லா அலுவலகத்திலும் அப்படித்தான் பழக்கம். அதை அப்படியே சொன்னேன். அவர் போனை வைத்துவிட்டார்.

எஸ்தரின் ஊர் ஓரிக்கை தாண்டி, பாலாற்றுக்கு அந்தப் பக்கம். அப்பா இல்லை. அம்மா ஒரகடம் பக்கத்தில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறவர். மருத்துவமனைக்குப் பார்க்கப் போன இவரிடம் அந்த அம்மா முகத்துக்கு நேரே சொன்னார்: "எங்க கம்பெனில லேடீஸுக்குத் தனி பாத்ரூம் இருக்குது சார். படிச்சவங்க கட்டின எடத்துல இல்லன்றீங்க. ஒடம்பக் கெடுத்துக்கினு கப்பு வாங்கியாந்து இன்னா பண்றது? கட்டிட்டு சொல்லுங்க, அனுப்பறேன்."

பி.டி. சார் ஏற்கெனவே பெண்களுக்கு உடை மாற்றும் அறையும் கழிப்பறையும் கேட்டுப் பதிவாளருக்கு எழுதியிருந்தார். வந்த பதில் வாய்மொழியாக: தரமதிப்பீட்டுக் குழு வரப்போகிறது, குழு குறையென்று எழுதினால் நிதி தானாக வரும், பொறுங்கள். அந்த அம்மாவிடம் அதையே சொன்னார். "சரி, கமிட்டி வந்துட்டு போவட்டும். அதுவரைக்கும்தான்" என்று அந்த அம்மா இறங்கி வந்தார். எஸ்தர் தேறி வந்து மறுபடி களத்தில் இறங்கினாள். எல்லாம் குழுவின் வாயில் வரும் ஒரு வாக்கியத்தில் நின்றது.

அந்த நாட்களில் அவரைப் பார்த்தவர்கள் அவர் குழுவுக்காகத் தயாராகிறார் என்றுதான் நினைத்திருப்பார்கள். தயாரானார்தான், எதிர்த்திசையில். எரியாத விளக்குகளை மாற்ற வந்த எலக்ட்ரீஷியனைத் திருப்பி அனுப்பினார். உறுப்பினர்கள் நடந்து வரும் வழியைக் கழிப்பறைப் பக்கமாகப் போட்டார். பெண்களை உட்காரவைத்து, "அவங்க கேப்பாங்க. இல்லன்னு சொல்லணும். அவ்ளோதான். எஸ்தர், நீதாம்மா சொல்லணும்" என்றார். எஸ்தர் தலையாட்டினாள்.

அவர் கணக்கில் எடுக்காதது ஒன்று. குழு வருவதற்கு முந்தைய நாள் மாலை அவர் ஒரு கூட்டத்துக்குப் போன நேரத்தில் மொத்தப் பிள்ளைகளும் சேர்ந்து மையத்தைக் கழுவிவிட்டார்கள். தினேஷ் ஏணி போட்டு விளக்குகளை மாற்றினான். பையன்கள் கழிப்பறையைத் தேய்த்து, வாசலில் இரண்டு குரோட்டன்ஸ் தொட்டிகளை வைத்தார்கள். பெண்கள் நுழைவாயிலில் புள்ளிக்கோலம் போட்டார்கள். யாரும் சொல்லிச் செய்ததல்ல. சார் வீட்டுக்கு விருந்தாளி வருவதுபோல நினைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

நான் செய்தி எடுக்கப் போயிருந்தேன். குழுவில் மூன்று பேர். தலைவர் வெளியூர்ப் பேராசிரியர், சாந்தமான முகம். கபடிப் பெண்கள் தலையில் கனகாம்பரம் வைத்து, சந்தனக் கிண்ணத்தோடு வரிசையாக நின்றார்கள். தலைவர் எஸ்தரிடம் வந்தார். அவருக்குப் பின்னால் பதிவாளர். பதிவாளருக்குப் பக்கத்தில் நம்மவர், கழுத்து நரம்பு தெரிய.

"எப்படிம்மா, எல்லா வசதியும் இருக்கா? தயங்காம சொல்லு."

எஸ்தர் பி.டி. சாரைப் பார்த்தாள். பிறகு பதிவாளரைப் பார்த்தாள்.

"எல்லா வசதியும் இருக்குது சார். எங்க சார் எங்களுக்கு ஒரு கொறையும் வெக்கல."

மற்ற பெண்கள் கைதட்டினார்கள். தலைவர் நெகிழ்ந்துபோனார்.

நிறைவுக் கூட்டத்தில் பி.டி. சாரைப் பேச அழைத்தபோது, அவர் தானே ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. உடை மாற்ற இடமில்லை. ஒரு பெண் ஆஸ்பத்திரிக்குப் போனாள். தலைவர் புன்னகையோடு கேட்டார். "இவ்வளவு செஞ்சிட்டும் திருப்தி இல்ல பாருங்க. இந்த அடக்கம்தான் தரம்" என்றார். அரங்கம் கைதட்டியது. இவர் குரலை உயர்த்தி, "அடக்கம் இல்ல சார், கக்கூஸ் இல்ல" என்றார். அதற்கும் சிரித்துக் கைதட்டினார்கள். பதிவாளர் மேடையேறி அவருக்கு ஒரு பட்டுச் சால்வை போர்த்தினார். நான் அந்தப் படத்தை எடுத்தேன். முதன்முறையாக அவர் பார்வை எங்கும் அலையாமல் ஒரே இடத்தில் நின்றது. எஸ்தர் நின்ற இடத்தில்.

மாலையில் பேருந்து நிறுத்தத்தில் அவளைப் பிடித்தார். தார்ப்பாய்க்குப் பின்னால் எல்லாம் போகவில்லை.

"இன்னா சொல்லச் சொன்னேன், இன்னா சொன்ன?"

"ரெஜிஸ்ட்ரார் அங்கதான சார் நின்னுக்கினு இருந்தாரு. நான் இல்லன்னு சொன்னா உங்களத்தான புடிப்பாரு?"

"புடிக்கட்டுமே. அதுக்குத்தான சொல்லச் சொன்னேன்?"

"ஊட்டுக்கு வந்தவங்ககிட்ட யாராச்சும் இது இல்ல அது இல்லன்னு சொல்லுவாங்களா சார்? எப்படி சார் மாட்டி வுடறது உங்கள?" அவள் அழுதுவிட்டாள். பக்கத்தில் நின்ற தினேஷ், "வுடுங்க சார், நல்லதுதான சொன்னா" என்றான்.

"நல்லது சொல்லியே என்னக் காலி பண்ணிட்டீங்கடா" என்றார்.

மையத்துக்கு உயர்ந்த தரநிலை கிடைத்தது. கழிப்பறைக்கான கோப்போடு அவர் பதிவாளரைப் பார்க்கப் போனார். வெளியே நின்ற பியூன் வரைக்கும் கேட்டதாம் பதில்: "ஏ கிரேடு வாங்கிட்டு, கக்கூஸ் இல்லன்னு எந்த வாயால சார் கேக்கறது? குடுத்த கிரேடப் புடுங்கிக்குவாங்க." எஸ்தரின் அம்மா சொன்ன சொல் தவறாதவர். மறு வாரத்திலிருந்து எஸ்தர் வரவில்லை. அவள் வராததால் அந்த ஊர்ப் பக்கத்திலிருந்து வரும் இன்னும் இரண்டு பெண்களையும் வீட்டில் நிறுத்தினார்கள். கபடி அணியில் ஆள் போதவில்லை. பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டி வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

சில நாட்கள் அவர் பெண்களின் ஆடுகளத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார். பிறகு ஒரு காலை பெயின்டரைக் கூட்டிவந்து, கேலரிக்குப் பின்னால் இருந்த கழிப்பறைக் கதவில் 'பெண்கள் மட்டும்' என்று பெரிதாக எழுதவைத்தார். பூட்டுப் போட்டுச் சாவியை லட்சுமி அக்காவிடம் கொடுத்தார்.

பையன்கள் கொதித்துப்போனார்கள். தினேஷ் தலைமையில் ஒரு கூட்டம் வந்தது. நான் அன்று அங்கிருந்தேன்.

"சார், நாங்க எங்க சார் போறது?"

"நல்ல கேள்வி. எழுதிக் குடு."

"யார்கிட்ட?"

"எங்கிட்ட குடுத்தா எங்கிட்டயேதான் இருக்கும். ரெஜிஸ்ட்ரார்கிட்ட குடு. என் பேரு போட்டுக் குடு."

"உங்க மேலயே கம்ப்ளெயின்டா சார்?"

"பின்ன யார் மேல? பூட்டனது நான்தான? அல்லாரும் கையெழுத்து போடுங்க. ஒருத்தன் போடலன்னாலும் ஃபைல்ல செல்லாது."

இதை முன்பே செய்திருக்கலாமே என்று நான் கேட்டேன். "அப்ப பசங்களுக்குக் கொறையா ஆயிடுமேன்னு பாத்தேன்" என்றார். இப்போதும் அது குறைதான். ஆனால் இந்தக் குறை தனக்கு வேண்டும் என்று அவர் முடிவு செய்திருந்தார். அந்தக் கணக்கு எனக்குச் சங்கடமாக இருந்தது. அந்த வெயிலில் பையன்கள் விடுதி வரைக்கும் ஓடினார்கள். இவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். இரக்கம் இருந்தது. சாவி லட்சுமி அக்காவிடமே இருந்தது.

மனு போனது. ஒன்றல்ல. கிரிக்கெட் அணி தனியாக, ஹாக்கி அணி தனியாக. இரண்டு பெற்றோர்கள் நேரிலேயே வந்து பதிவாளரின் மேஜையைத் தட்டினார்கள். பெண்களுக்கு இல்லையென்று அவர் கேட்டபோது கிடைக்காத நிதி, தங்களுக்கு இல்லையென்று பையன்கள் கத்தியதும் கிடைத்தது. போட்டிக்கு முன்பே மைதானத்தின் கிழக்கு மூலையில் ஆண்களுக்குப் புதிய கழிப்பறையும் உடை மாற்றும் அறையும் எழும்பிவிட்டன. பதிவாளர் ரிப்பன் வெட்டினார். நான் செய்தி போட்டேன். பழையது பெண்களிடம் தங்கிவிட்டது. லட்சுமி அக்கா எஸ்தரின் அம்மாவுக்கு போன் போட்டு, "சாவி எங்கிட்டதான் இருக்குது, நான் பாத்துக்கறேன், அனுப்பு" என்றார். எஸ்தர் வந்தாள்.

பி.டி. சாருக்குத் தன்னிச்சையாகச் செயல்பட்டதற்காக மெமோ வந்தது. பிறகு தேர்வுப் பிரிவுக்கு மாற்றல். ஆதாரமாக இணைக்கப்பட்டிருந்தவை மாணவர்களின் மனுக்கள். தினேஷ் மனம் உடைந்து மன்னிப்புக் கேட்கப் போனான். "நல்லா எழுதியிருந்தடா. ரெண்டாவது பாரால மட்டும் கொஞ்சம் இழுத்துட்ட" என்றாராம்.

தேர்வுப் பிரிவில் அவரைப் பார்த்தபோது ஒரு கம்பி ஜன்னலுக்குப் பின்னால் இருந்தார். தேர்வு முடிவுகள் தாமதமாவதைப் பற்றிக் கேட்கப் போயிருந்தேன். நான் கேட்காத தாமதங்களையும் சேர்த்துச் சொன்னார். பக்கத்து மேஜைக்காரர் அவரைச் சுட்டெரிப்பதுபோலப் பார்த்தார். அப்போது ஜன்னலில் எஸ்தர் வந்து நின்றாள். பயிற்சியிலிருந்து நேராக வந்திருந்தாள், முழங்கையெல்லாம் சிராய்ப்பு.

"சார், ஒரு கொறை."

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்தார். "சொல்லு."

"பசங்களுக்குப் புதுசு. டைல்ஸு, கண்ணாடி, அல்லாம் வெச்சி. எங்களுக்கு அவங்க வுட்ட பழசா? கதவு பாதிதான் சாத்துது. மழை பேஞ்சா உள்ள ஒழுவுது."

"கரெக்டுதான். ஆனா இத எங்கிட்ட சொல்லி இன்னா புரோஜனம்? நான் இப்ப மார்க் ஷீட்டு ஆளு."

"உங்ககிட்ட சும்மா சொன்னேன் சார். ரெஜிஸ்ட்ரார்கிட்ட எழுதிக் குடுத்துட்டுதான் வரேன். கபடி, கோகோ, அத்லெடிக்ஸ், பொண்ணுங்க அத்தினி பேரும் கையெழுத்து. என் பேரு மொதல்ல."

அவர் ஜன்னலை ஒட்டிக் குனிந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"இன்னா சொன்னாரு?"

"பயங்கரமா திட்னாரு சார். கதவு பாதி சாத்தலன்னா ஒருத்தி வெளிய நின்னு புடிச்சிக்க வேண்டியதுதானன்னு கத்துனாரு. ஒழுவுனா மழை நின்னப்புறம் போங்கன்னாரு."

அவர் முகத்தில் ஒரு சிரிப்பு மெல்லப் பரவியது. நான் அதுவரை அவரிடம் பார்த்திராத சிரிப்பு.

"அப்ப முழுசா படிச்சிருக்காரு" என்றார்.